உப்புக் கதவுக்கு முன்னால் சில ஊர்கள்

ஜார்ஜ் டவுன்,
4 மார்ச் 1979

சற்குணத்துக்கு,

ஒன்பது வருடம் கழித்து அக்கா எழுதுகிறாள் என்றதும் அவள் மனம் இளகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான்.

உன் மகளின் கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் வந்த உன் சின்னக்கா கமலம், திரும்பும்போது உன் அலமாரியிலிருந்து ஓர் ஆங்கிலக் கதையின் மூன்று பாகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மொத்தம் ஐந்து பாகமாம். பை மூன்றுக்கு மேல் கொள்ளவில்லையாம். மந்திரவாதியும் பேசும் ஓநாயும் வருகிற கதை நமக்கெதற்கு என்று நான் முதலில் தொடவில்லை. பிறகு தொட்டேன். இப்போது மூன்றாம் பாகத்தில் நிற்கிறோம். 'உப்புக் கதவு' என்று பெயர்.

நான் ஆங்கிலம் படிப்பேன் என்பது உனக்குத் தெரியாது. உன்னை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். என்னைத் தேங்காய் துருவ வைத்தார்கள். அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தேன். எந்த நாளில் தொடங்கினேன் என்பதை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அப்பா கோயில் மண்டபத்தில் புராணம் படித்த முறையில்தான் படிக்கிறேன். முதலில் மூலம், பிறகு பயன். ஒரு பத்தியை ஆங்கிலத்தில் சத்தமாக வாசிப்பேன். பிறகு அதன் பொருளைத் தமிழில் சொல்வேன். கமலத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் விளங்காது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு மூலத்தைக் கேட்பாள். மூலத்தைத் தாண்டிப் போனால் கோபம் வரும்.

பயன் சொல்கிறவர் முன்கூட்டியே படித்து வைத்திருக்க வேண்டும். அதனால் நேற்று நான் தனியே உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். ஈலின் என்கிற அந்தத் தங்கை உப்புக் கதவுக்குள் போகிறாள். அண்ணன் மார்டன் வெளியே நிற்கிறான். கதவு மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிட்டது. இப்படியா முடிப்பது? சாவு வருகிற இடத்தில் படிப்பை நிறுத்தக் கூடாது என்று அப்பா அடுத்த மங்கலமான இடம் வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஏட்டை மூடுவார். இந்த ஆசிரியருக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாலாம் பாகத்தில் ஈலின் திரும்பி வருகிறாளா? ஆம், இல்லை என்று ஒரு வரி போதும். வேறு எதைப் பற்றியும் எழுத வேண்டாம்.

பத்மாவதி


கோலாலம்பூர்,
12 மார்ச் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கையெழுத்தைக் கவரின் மேல் பார்த்துவிட்டு அதை மேசையிலேயே வைத்திருந்தேன். "பிரிச்சுப் பாருங்க, கடிக்காது" என்று என் மனைவி சொன்ன பிறகுதான் கையில் எடுத்தேன். கடிக்கத்தான் செய்தது. இருந்தாலும் சந்தோஷம்.

அந்தக் கதையை நான் பள்ளியில் மூன்றாம் படிவப் பையன்களுக்கு வருடா வருடம் வாசித்துக் காட்டியவன். இந்தப் பாகம் முடிகிற இடத்தில் ஒவ்வொரு வருடமும் வகுப்பே எழுந்து நின்று என்னைத் திட்டும். ஐந்தில் மூன்றாவது என்பதால் அது அப்படித்தான் இருக்கும், அக்கா. தொடக்கமும் அதில் இல்லை, விடிவும் அதில் இல்லை. அடுத்த பாகத்தில் நடப்பதைச் சொல்லிவிட்டால் படிக்கிற சுகம் போய்விடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிவிட்டது. நாலையும் ஐந்தையும் நானே எடுத்து வருகிறேன். நீங்கள் உள்ளே கூப்பிட வேண்டாம். வாசலில் வைத்துவிட்டு அடுத்த ஃபெரியில் திரும்பிவிடுகிறேன்.

வேறு எதையும் எழுதாதே என்றீர்கள். ஒன்றே ஒன்று. கல்யாண வீட்டில் கமலம் அக்கா இலையில் வைத்ததில் பாதியைத்தான் சாப்பிட்டார். எழும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கேட்டதற்கு, "உன் சமையக்காரன் கை அப்படி" என்று சிரித்தார். இப்போது எப்படி இருக்கிறார்?

உங்கள் தம்பி,
சற்குணம்


ஜார்ஜ் டவுன்,
20 மார்ச் 1979

சற்குணத்துக்கு,

ஒரு வரி கேட்டேன். ஒரு பக்கம் எழுதி அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டாய். வாத்தியார் வேலையில் இதற்கும் சம்பளம் கொடுத்தார்கள் போலிருக்கிறது.

நீ வர வேண்டாம். புத்தகத்தை வாசலில் வைக்கிறாயா? அந்த வாசலில்தான் என் வீட்டுக்காரரை வேனிலிருந்து இறக்கினார்கள். சர்க்கரை வியாதியில் கால் புண்ணாகி ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர். டாக்டர் ஆங்கிலத்தில் உன்னிடம் பேசினார். நீ ஆங்கிலத்தில் பதில் சொன்னாய். நான் உங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னடா சொல்றார்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, மருந்து கட்டப் போறாங்க" என்றாய். மறுநாள் போர்வையில் ஒரு பக்கம் தட்டையாக இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. "என்னை ஒரு வார்த்தை கேக்கலியே பத்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பத்து நாளில் முடிந்துவிட்டது.

அந்தக் கருமாதி முடிந்த வாரம் நான் அகராதி வாங்கினேன்.

கமலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். மறைக்க என்ன இருக்கிறது? வயிற்றில் ஒரு கட்டி. கிளினிக் டாக்டர் தடவிப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அறுத்து எடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். இந்த முறை நானே கேட்டேன், நானே புரிந்துகொண்டேன். கமலம்தான் சொன்னாள்: "இந்தப் பாகம் முடியட்டுங்க்கா, போலாம்." அப்பா காலத்தில் படிப்புத் தொடங்கிவிட்டால் முடிகிற வரை கேட்பவர்களும் ஊரைவிட்டு நகர மாட்டார்கள் அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அது சரி என்றே பட்டது. இருபத்தேழாவது அத்தியாயத்தில் இருக்கிறோம்.

ஈலின் வருகிறாளா, இல்லையா?

பத்மாவதி


கோலாலம்பூர்,
27 மார்ச் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை. வரமாட்டாள். நாலாம் பாகத்திலும் இல்லை, ஐந்திலும் இல்லை. மார்டன் கடைசி வரை அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு அலைகிறான். அவ்வளவுதான்.

போதுமா? இனி நான் சொல்வதைக் கேளுங்கள். அத்தான் விஷயத்தில் நீங்கள் என்னை என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். முன்பும் வாங்கிக்கொண்டேன். ஆனால் இது வேறு. அது புராணமில்லை அக்கா. லண்டனில் அச்சடித்த கதைப் புத்தகம். அதற்குக் காப்பும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. நடுவில் மூடி வைத்தால் சாமி கோபிக்காது.

மூடி வைக்க மனம் வராவிட்டால் சீக்கிரம் முடியுங்கள். முப்பத்தோரு அத்தியாயம்தான். ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பினாங்கில் வேண்டாம் என்றால் இங்கே அழைத்து வாருங்கள். எனக்குத் தெரிந்த நல்ல சர்ஜன் இருக்கிறார்.

வயிற்றுக் கட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு நாளாக? சாப்பிடுகிறாரா? மெலிந்துவிட்டாரா? தயவுசெய்து எழுதுங்கள்.

சற்குணம்


ஜார்ஜ் டவுன்,
2 மே 1979

சற்குணத்துக்கு,

இடையில் நீ போட்ட இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. படிப்பு நன்றாக நடக்கிறது.

மார்டனும் ஈலினும் இப்போது ஒரு தண்ணீர் ஊருக்கு வந்திருக்கிறார்கள். கடலுக்குள் மரக்கால் நட்டு, அதன் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அலை வந்தால் வீட்டுக்கடியில் சத்தம் கேட்கும். அங்கே ஒரு கிழவி, ஜாதிக்காயை உப்பும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்து விற்கிறாள். அதைத் தின்றவர்களை உப்புக் கதவுக்கு அடையாளம் தெரியாதாம். ஈலின் ஒரு கை நிறைய வாங்கித் தின்கிறாள். கிழவி காசு கேட்கிறாள். மார்டனிடம் காசு இல்லை. "மூஞ்சியப் பாரு, ராஜாவூட்டுப் பிள்ளையாம்!" என்று கிழவி திட்டுகிற இடத்தில் கமலம் சிரித்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு சிரித்தாள். சிரித்ததில் வலி வந்து, கொஞ்ச நேரம் படிப்பை நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

மூன்று சக்கர வண்டி ஒன்றில் அவர்கள் கதவைத் தேடிப் போகிறார்கள். வண்டிக்காரன் வழி தெரிந்தவன் போலப் பேசுகிறான். ஆனால் ஒரே தெருவையே சுற்றிச் சுற்றி வருகிறான்.

கேட்டிருந்தாய், எழுதுகிறேன். கஞ்சி குடிக்கிறாள். முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டுதான் தூங்குகிறாள். கை மெலிந்துவிட்டது, வளையல் கழன்று விழுகிறது. வயிறு மட்டும் மெலியவில்லை. பக்கத்து வீட்டு ஆயிஷா தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு என்னை முறைத்துவிட்டுப் போகிறாள்.

பாகம் இன்னும் முடியவில்லை.

பத்மாவதி


கோலாலம்பூர்,
9 மே 1979

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றாம் பாகத்தை நூலகத்தில் எடுத்து வந்து முதலிலிருந்து கடைசி வரை புரட்டிவிட்டேன். அதில் தண்ணீர் ஊர் இல்லை. ஜாதிக்காய்க் கிழவி இல்லை. இந்த ஆசிரியர் பனியில் நடுங்கிக்கொண்டு கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவர். அவர் ஜாதிக்காயை முழுதாகப் பார்த்தே இருக்க மாட்டார். உப்பும் சர்க்கரையும் போட்டு ஊறவைப்பது அவருக்கு எப்படித் தெரியும்? மரக்கால் வீடுகள் நம் படகுத்துறையில் இருப்பவை. அந்த மூன்று சக்கர வண்டி, நம் ஊரில் 'பேச்சா' என்கிற சைக்கிள் ரிக்‌ஷா. நீங்கள் கோயிலுக்குப் போகிற பேச்சா.

நீங்கள் கதையை நீட்டுகிறீர்கள்.

முதலில் சிரித்துவிட்டேன். என் மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். கிழவி திட்டுகிற இடத்தில் அவளும் சிரித்தாள். பிறகு "முடிஞ்சாத்தானே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள்.

மார்ச் மாதக் கடைசியில் முடிந்திருக்க வேண்டிய புத்தகம் அக்கா. சர்ஜனிடம் நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன். கை மெலிந்து வயிறு மெலியவில்லை என்பதைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் இன்னும் கொண்டுவரவில்லை?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல? எங்கள் வீட்டில் கதை முடியவில்லை என்றா சொல்ல?

மூலத்துக்கு என்ன செய்கிறீர்கள்? மூலத்தைத் தாண்டினால் கமலம் அக்காவுக்குக் கோபம் வரும் என்றீர்களே. இல்லாத அத்தியாயத்துக்கு எதை வாசிக்கிறீர்கள்?

பத்து நாளைக்குள் நீங்கள் கூட்டி வராவிட்டால் நான் வருகிறேன்.

சற்குணம்


ஜார்ஜ் டவுன்,
17 மே 1979

சற்குணத்துக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். கெட்டிக்காரன். எனக்கு முட்டை மார்க் போட்டு அனுப்பு.

மூலத்துக்குப் பத்திரிகையில் வருகிற வானிலை அறிக்கையை வாசிக்கிறேன். சில நாள் எதிர்க்கரை பட்டர்வொர்த்தில் கப்பல் வந்து போகிற நேரம். நிறுத்தி, ராகம் போட்டு வாசித்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். போன வாரம் ஒரு நாள் வாசித்துக்கொண்டிருந்தபோது கமலம் கண்ணைத் திறந்து, "அக்கா, மார்டன் ஊர்லயும் பட்டர்வொர்த் இருக்கா?" என்று கேட்டாள். நான் புத்தகத்தைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "இருக்கு" என்றேன். "சரி, படி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆகவே உனக்கு மட்டும்தான் தெரியும் என்று பெருமைப்பட வேண்டாம்.

ஆயிஷா நேற்று நடுவீட்டில் நின்றுகொண்டு கத்தினாள். "வீம்பு புடிக்கிற நேரமா லா இது? அந்தப் புள்ள எலும்பா போயிருச்சு, நீங்க கதை படிக்கிறீங்க கதை!"

"உனக்கென்ன தெரியும்? வாயை மூடு."

"எனக்குப் படிக்கத் தெரியாது. பாக்கத் தெரியும்."

அவள் போன பிறகு அடுப்படிக் கதவைத் தாழ்போட்டேன். இருபது வருடமாக அது தாழ்போடாத கதவு.

நான் ஏன் நீட்டுகிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கில்லை. ஆனாலும் கேள். அந்தக் கடைசி அத்தியாயத்தை நான் பலமுறை எடுத்தேன். கதவு வரை வந்துவிடுவேன். மூலத்தை வாசித்தால் அதன் பயனை நான் சொல்ல வேண்டும். என் வாயால் சொல்ல வேண்டும், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அந்த இடத்தில் மங்கலமாக எதுவும் இல்லை. அதைச் சொல்லி முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, மறுநாள் அவளை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றச் சொல்கிறாய். இந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் எப்படித் திரும்பினார் என்று பார்த்தவள் நான்.

நீ வந்தால் கதவு திறக்காது.

பத்மாவதி


கோலாலம்பூர்,
3 ஜூன் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

மேசையில் நான் விட்டுவந்த துண்டுச் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் கோயிலுக்குப் போகிற நேரம் எனக்குத் தெரியும். ஆயிஷாதான் பின் பக்கமாகக் கூட்டிப் போனார். உங்கள் அடுப்படித் தாழ்ப்பாளை அவர் கரண்டிக் காம்பால் திறந்தார். தயவுசெய்து அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். முழுக்க என் வேலை.

கமலம் அக்காவைப் பார்த்ததும் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் பேசினார். "என்னடா, கல்யாணத்துக்கப்புறம் தலை இன்னும் நரைச்சுப் போச்சு." பிறகு, நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டு, வரமாட்டேன் என்றார்.

"படிப்பு முடியலியேடா."

"அக்கா, அது வெறும் கதை. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். எனக்காகவா படிக்கிறா? அவளுக்காகத்தான் நான் கேக்கிறேன். நான் எழும்பிப் போயிட்டா அவ யாருக்குப் பயன் சொல்லுவா?"

அக்கா, நீங்கள் கோபப்பட்டாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும். அவர் உங்களுக்காகக் காத்திருந்தார். நீங்கள் அவருக்காக நீட்டிக்கொண்டிருந்தீர்கள்.

நான் ஒரு பொய் சொன்னேன். "பத்மா அக்காதான் என்னை வரச் சொன்னாங்க. பாகம் முடிஞ்சிருச்சு, கூட்டிப் போன்னு எழுதினாங்க" என்றேன். "அவளா எழுதினா?" என்று கேட்டார். பிறகு செருப்பை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். ஃபெரியில் காற்றுப் படுகிற பக்கமாக உட்கார வைத்தேன். தீவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். வருகிற பதினான்காம் தேதி வியாழக்கிழமை ஆபரேஷன். காலையில் உள்ளே கொண்டுபோவார்கள். கட்டி பெரிது, சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்து எடுத்து முடிக்க மத்தியானம் தாண்டிவிடும் என்று சர்ஜன் சொன்னார். வாருங்கள். உங்களைக் கேட்கிறார்.

சற்குணம்


ஜார்ஜ் டவுன்,
7 ஜூன் 1979

சற்குணத்துக்கு,

கோயிலிலிருந்து விபூதியோடு வந்து கட்டிலைப் பார்த்தேன். மூன்று தலையணையும் இருந்தன. நடுவில் பள்ளம் இருந்தது.

இரண்டாவது தடவை என் வீட்டு ஆளை என்னைக் கேட்காமல் கொண்டுபோயிருக்கிறாய். முதல் தடவை நான் பக்கத்தில் நின்றேன், மொழி தெரியவில்லை. இந்தத் தடவை மொழி தெரியும், என்னைப் பக்கத்தில் நிற்க விடவில்லை. ஆயிஷா இரண்டு நாளாகச் சோறு கொண்டுவந்து வாசலில் வைக்கிறாள். எடுக்கவில்லை. பூனை சாப்பிடுகிறது.

நான் வரமாட்டேன். கேட்காமல் கொண்டுபோனவன் நீயே பார்த்துக்கொள்.

இதோடு அடுத்த அத்தியாயத்தை எழுதி வைத்திருக்கிறேன். அதை அவளுக்குப் படி. மார்டனும் ஈலினும் மலையடிவாரத்தில் ஒரு சத்திரத்தில் தங்குகிறார்கள். சத்திரக்காரன் கதவின் சாவியைத் தொலைத்துவிட்டதாகச் சொல்கிறான், எல்லாரும் தேடுகிறார்கள். சாவி கிடைக்கிற இடத்துக்கு முன்பே நிறுத்தியிருக்கிறேன். நீயாக எதையும் சேர்க்காதே. மூலம் இல்லாமல் பயன் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரிச் சுவரில் ஆங்கிலத்தில் ஏதாவது எழுதி ஒட்டியிருப்பார்கள். அதை வாசித்துவிட்டுத் தொடங்கு.

இன்னொன்று. டாக்டர் சொல்கிற எதையும் அவளிடம் மறைக்காதே. 'ஒண்ணுமில்ல, மருந்து கட்டப் போறாங்க' என்கிற உன் பழைய பாட்டை அங்கே பாடாதே. ஆபரேஷன் முடிந்ததும் நடந்ததை நடந்தபடி எனக்கு எழுது.

பத்மாவதி


கோலாலம்பூர்,
16 ஜூன் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக நடந்து முடிந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். எவ்வளவு நேரம் ஆகுமோ என்று நான் கேன்டீனுக்குப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. சர்ஜன் கெட்டிக்காரர். இனி ஓய்வு எடுத்தால் போதும், விரும்பியதைச் சாப்பிடக் கொடுங்கள், எதற்கும் தடை போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குக்கூடக் கூட்டிப் போகலாமாம்.

கமலம் அக்காவிடமும் எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று சொன்னேன். "சரி" என்றார். உங்கள் சத்திரத்து அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். சுவரில் கை கழுவச் சொல்லி ஒட்டியிருந்ததுதான் மூலம். சாவியைத் தேடுகிற இடம் அவருக்குப் பிடித்திருந்தது. "அவ எழுதினதா? அடுத்தது எப்ப வரும்?" என்று கேட்டார்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சற்குணம்


ஜார்ஜ் டவுன்,
20 ஜூன் 1979

தம்பி சற்குணத்துக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கதையை நீட்டுகிறேன் என்று என்னைக் கண்டுபிடித்தாயே, இப்போது நான் சொல்கிறேன், கேள்.

மத்தியானம் தாண்டும் என்றார்கள். நீ ஒரு காப்பி குடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள். சுற்றிலும் ஒட்டியிருக்கிற கட்டியை ஒரு காப்பி நேரத்தில் எந்தக் கெட்டிக்காரரும் எடுக்க முடியாது. திறந்திருக்கிறார்கள். பார்த்திருக்கிறார்கள். மூடிவிட்டார்கள். விரும்பியதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று எந்த நோயாளிக்குச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

முன்பே கொண்டுவந்திருந்தால் என்று சர்ஜன் ஏதாவது சொல்லியிருப்பார். அதை நீ எழுதவில்லை. எழுதாவிட்டாலும் கடிதத்தில் அந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது. நீ நல்லது செய்வதாக நினைத்து விட்டிருக்கிறாய். உன் தயவு எனக்கு வேண்டாம். அதை நான் சர்ஜன் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, பட்டர்வொர்த்தில் ரயில் ஏறுகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஆயிஷா ஃபெரி வரை வருகிறாள். அவளோடு நான் இன்னும் பேசவில்லை. பெட்டியை மட்டும் தூக்கட்டும். அடுத்த அத்தியாயம் எழுதவில்லை. அசல் புத்தகத்தை எடுத்து வருகிறேன். அதில் மிச்சமிருக்கிற கடைசி அத்தியாயத்தையும்.

வந்து சேர்ந்ததும் சர்ஜனைப் பார்க்க வேண்டும். நான் பேசுகிறேன். நீ பக்கத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. எனக்குப் புரியாத சொல் வந்தால் திரும்பச் சொல்லச் சொல்வேன். புரிகிற வரைக்கும் அந்த அறையைவிட்டு எழுந்திருக்க மாட்டேன். அவர் சொன்னதைக் கமலத்திடம் தமிழில் நான்தான் சொல்வேன். நீ சொன்ன பொய்யையும் அப்படியே எடுத்துச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். அழ வேண்டுமென்றால் அழட்டும், நான் பக்கத்தில் இருப்பேன். வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் வீட்டுக்கு. அங்கேயே இருக்க வேண்டுமென்றால் அங்கேயே. அவள் சொல்கிறபடி.

அதுவரை அவளிடம் புதிதாக எதுவும் சொல்லிவைக்காதே. உனக்கு அது வராது, முகத்தில் தெரிந்துவிடும். கேட்டால், பத்மா அக்கா வந்துகொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொல்.

அது பொய் இல்லை.

பத்மாவதி